நீ ‘வரேன்’ என்று சொல்லிவிட்டு வந்த வீடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கடிதத்தின் தொடக்கத்தில் எல்லாரும் கேட்பார்கள், நானும் எப்போதும் கேட்பேன், ஆனால் இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை கண்ணு, நிஜமாகவே கேட்கிறேன். நன்றாக இருக்கிறாயா? ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குக் கண் பார்க்கிற அந்த வண்டியில் உட்கார்ந்தே வந்து வீங்கிய கால் வடிந்ததா? ராத்திரி தூங்குகிறாயா? ‘மலைப்பாதை, சிக்னல் இல்லை, நல்லா இருக்கேன்’ என்று நேற்றுத்தான் நீ அனுப்பிய வரியை அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் கழற்றிவிட்டும் படித்துப் பார்த்தார். எப்படிப் படித்தாலும் அதில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ ‘சரிம்மா’ என்கிறாய். அந்தச் ‘சரிம்மா’வுக்குப் பின்னால் நீ என்ன நினைக்கிறாய் என்பது எனக்குத் தெரிவதே இல்லை. சின்ன வயதில் வீட்டுக்கு யாராவது வந்தால் என் தையல் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாயே, பாவாடை நுனி மட்டும் வெளியே தெரியுமே, அதே கதைதான். கடிதத்துக்கு நடுவில் ‘சரிம்மா’ சொல்லிவிட்டு வைத்துவிட முடியாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் தீரவேண்டும். உங்கள் வண்டி கடைசியாக வந்து நிற்கிற ஊரில் இருக்கும் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் இது உன் கையில் கிடைக்க வேண்டுமே என்பது ஒரு பயம். மற்ற பயங்களைப் பின்னால் சொல்கிறேன், முதலில் வீட்டுச் சமாச்சாரம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஊரில் இருக்கிற லிப்டையெல்லாம் சரிபண்ணுகிற மனிதர், நம் வீட்டு மாடிப்படியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். மருத்துவர் கொடுத்த தைலத்தைத் தேய்த்துக்கொள்ளச் சொன்னால், லிப்ட் கம்பிக்குப் போடுகிற கிரீஸ் இதைவிட நன்றாகக் கேட்கும் என்கிறார். நான் வேலை பார்க்கிற தையல்கடையில் வேலை நிறையவே இருக்கிறது. முதலாளியம்மா புதிதாகத் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார், அது பேய் மாதிரி ஓடுகிறது, துணிக்கு முன்னால் விரல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்து எவனோ திருடிவிட்டான். டிவியை விட்டுவிட்டுக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், பாவம் எந்த வீட்டில் என்ன பசியோ. அதிலிருந்து அத்தை பிடித்துக்கொண்டார். நம் வீட்டுச் சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது அல்லவா, அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். “சாவி ஒரு நாட்டுல, வீடு ஒரு நாட்டுல. எவன் கையில மாட்டுச்சோ. பூட்டை மாத்துடா” என்று தன் தம்பியான அப்பாவிடம் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். அப்பாவும் சொல் பொறுக்க முடியாமல் ஒரு புதுப் பூட்டை வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மாட்டுவதாகப் பேச்சு நடந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ மலைக்குக் கிளம்பும் முன் கடைசியாகப் பேசினாயே, அந்தப் பேச்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன வழியே வண்டி திரும்பி வருகிறது, முன்பு தங்கிய வீடுகளில் எல்லாம் ஒவ்வொரு ராத்திரி தங்கிச் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்றாய். ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் உன் பையைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள், பை சுட்டது, திறந்து பார்த்தால் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி என்றாய். டீச்சர் அக்கா தங்கச்சி வீட்டில், டிவி ரிமோட்டுக்காக விடிந்தால் சண்டை போடுகிற இரண்டு பேரும் நீ கிளம்புகிற அன்றைக்கு டிவியையே போடவில்லை என்றாய். அப்புறம் சாவிக்கடை அம்மா. மாற்றுச் சாவி வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவர், தனியாக இருக்கிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்துவிட்டு நீ வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பவர். எல்லா வீட்டையும்விட அவர் வீட்டைச் சொல்லும்போது உன் குரல் இறங்கிவிட்டது. நான் ஊம் கொட்டிக்கொண்டே கேட்டேன். உண்மையைச் சொன்னால், ஒரு வீட்டை விட்டுக் கிளம்புகிறவள் பேசுகிற மாதிரி இருந்ததே தவிர, ஒரு வீட்டுக்கு வருகிறவள் பேசுகிற மாதிரி இல்லை. அதற்கப்புறம்தான் மெதுவாகச் சொன்னாய், “ஆபீஸ்ல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்கம்மா” என்று. நீ என்ன சொன்னே என்று கேட்டேன். பின்னால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். “சரிம்மா, நான் போறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாய்.

போறேன் என்றாய். நம் வீட்டில் யார் வாயிலும் வராத வார்த்தை. எல்லா வீட்டிலும்தான் போயிட்டு வரேன் என்று சொல்கிறார்கள், ஆனால் நம் வீட்டில் அது சட்டம் என்பது உனக்குத் தெரியும். அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர், லிப்ட் குழிக்குள் நின்றுகொண்டு பெண்டாட்டியிடம் போனில் “சரி, போறேன்” என்று சொல்லப்போய், மேலே மோட்டார் அறையில் இருந்தவர் காதில் ‘போ’ மட்டும் விழுந்து லிப்டை இறக்கிவிட்டார். ஆள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தப்பித்தார், செருப்பு மட்டும் நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து லிப்ட் நகரவேண்டும் என்றால் மட்டும்தான் அங்கே ‘போ’ என்று சொல்வது, வேறு எதற்கும் அந்த எழுத்து வாயில் வரக்கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ‘போயிட்டு வரேன்’ என்பதில்கூடப் போ இருக்கிறதே என்று அத்தை மடக்கினபோது, “வரேன்னு முடியுதுல்ல அக்கா, லிப்ட் மாதிரி, இறங்குனது ஏறிடுது” என்றார். நீதான் யாரிடமும் சொல்லாமல் பூனை மாதிரி நழுவுகிற பிள்ளை. எந்த வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது உன்னை முதுகில் தள்ளி, வாயைத் திற, சொல்லிட்டு வா என்று பழக்கினது நான். அப்படிப் பழக்கின வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது ‘போறேன்’.

வாய் தவறி வந்திருக்கும், அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் போன் செய்தேன், கிடைக்கவில்லை. அதற்கு மறுநாளும் கிடைக்கவில்லை. மலையில் சிக்னல் இருக்காது என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய், எனக்கும் தெரியும், ஆனால் தெரிவதால் பயம் குறைகிறதா என்ன. குழாயில் தண்ணீர் சொட்டினால் பயம், சொட்டாவிட்டாலும் பயம். மலைப்பாதை வளைவில் உங்கள் வெள்ளை வண்டி திரும்புகிற மாதிரியே கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது. துணியை வெட்டும்போது கை நின்று நின்று போயிற்று. அத்தை வேறு, “விட்ட அம்பும் வெளியூர்ல வேர் விட்ட பொண்ணும் திரும்பாது” என்று பழமொழியா அவரே கட்டினதா தெரியாது, ஒன்றை எடுத்து விட்டார். உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்பது ஒரு பயம், ஒன்றும் ஆகாமலேயே நீ வராமல் இருந்துவிடுவாயோ என்பது இன்னொரு பயம். முதல் பயம் வரும்போது இரண்டாவது பயத்துக்காக வெட்கமாக இருந்தது. எங்கேயாவது இருந்தால் போதும் என்று தோன்றியது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த போன். கடையில் ஒரு வாத்தியாரை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, பேன்ட் காலை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். ஒரு கால் முடிந்துவிட்டது, இன்னொரு கால் தரையில் புரள்கிறது. என் வாயில் வழக்கம்போல் ஊசிகள். போன் அடித்தது, நீளமான வெளிநாட்டு நம்பர், நீதான் என்று தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். நீ இல்லை, ஒரு ஆண் குரல். யாரோ வேற்றுப்பாஷைக்காரர் தமிழை ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிப் பேசுகிற குரல். “அம்மாவா? உங்க பொண்ணு போயிட்டா” என்றது. கரகரவென்று சத்தம். “இங்க அம்மாவுக்கு துக்கம்” என்றது. மறுபடியும் கரகர.

கண்ணு, அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாயில் ஊசி. கத்த வாயைத் திறந்தால் ஊசி தொண்டைக்குள் போய்விடும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, வாய் தானாக இறுக மூடிக்கொண்டது. வாத்தியாரின் காலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் அசைந்தார், ஊசி அவர் கணுக்காலில் ஏறியிருக்க வேண்டும், ஆனாலும் அந்த மனிதர் ஸ்டூலிலிருந்து இறங்கி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளியம்மா ஓடி வந்து என் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அப்புறம் போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, “இது வீடியோ காலுங்க. அவங்க இவ்வளவு நேரம் உங்க காதைப் பார்த்துட்டு இருக்காங்க” என்றார்.

போனில் இரண்டு முகம். ஒன்று பேசினவர், மளிகைக்கடைக்காரராம், ஒரு காலத்தில் கப்பலில் நம் ஆட்களோடு வேலை பார்த்தபோது பிடித்துக்கொண்ட தமிழாம். இன்னொன்று உன் சாவிக்கடை அம்மா. நீ அனுப்பிய படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். முதலாளியம்மா நேரடியாகவே கேட்டார், எங்க பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று. கடைக்காரருக்குப் புரியவில்லை. “பொண்ணு நல்லா. வண்டில போயிட்டா. இந்த அம்மா துக்கம். துக்கம் இல்லை. ராத்திரி துக்கம் இல்லவே இல்லை” என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். அப்போதுதான் முதலாளியம்மா, “அட தூக்கம்யா” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு எழுத்தைக் குறுக்கிவிட்டார் அந்த மனுஷன், என் உயிர் அதற்குள் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. வாத்தியார் சிரித்தார், முதலாளியம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஏன் அந்த வார்த்தையைத் தனியாகச் சொல்லக்கூடாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அப்பாவின் லிப்டுக்காக இல்லை, கேட்கிறவர்களின் காதுக்காக.

அந்த அம்மா ஏன் தூங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் போன் செய்திருக்கிறார்கள். ஏதாவது அவசரம் என்றால் என்று நீ நம் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தாயாம். நீ முதல் தடவை அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது நம் வழக்கத்தைச் சொல்லி, நாங்கள் போகிறேன் என்று சொல்ல மாட்டோம், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று அவர்கள் பாஷையில் வார்த்தைக்கு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாய். சொன்ன மாதிரியே திரும்பி வண்டி வந்தது, நீயும் வந்தாய். இரண்டாம் தடவை, அதுதான் கடைசித் தடவை, நல்ல பிள்ளையாக அவர் கொடுத்த வீட்டுச் சாவியைத் திருப்பி ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடியும் அதையே சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய். அந்த அம்மா கணக்கு இதுதான். வரேன் என்றாள், முன்னே வந்தாள், இப்போதும் வருவாள். சாவியோ இங்கேயே இருக்கிறது. அதனால் கதவைப் பூட்டக்கூடாது. ஊருக்கெல்லாம் சாவி வெட்டிக் கொடுக்கிறவர் தன் பின்கதவைப் பூட்டாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் யாரோ ஒரு குடிகாரன் வீடு மாறி உள்ளே வந்து சமையல் அறையில் படுத்துவிட்டானாம். அக்கம்பக்கத்தார் வந்து எழுப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு அப்புறமும் அவர் பூட்டவில்லையாம். கடைக்காரருக்குப் பயம், அதனால்தான் உன் பையில் இருக்கிற போன் கிடைக்காமல் என் போனுக்கு வந்திருக்கிறார்.

அந்த அம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து அந்தக் கதவை எனக்குக் காட்டினார். மங்கலான பச்சைக் கதவு, கைப்பிடி இருக்கிற இடத்தில் மட்டும் வர்ணம் போயிருக்கிறது. காற்று அடித்தால் ஒரு விரல் அளவுக்குத் திறக்கிறது, மறுபடியும் சாத்திக்கொள்கிறது. பக்கத்திலேயே ஆணியில் சாவி. அப்புறம் நீ படுத்திருந்த அறையைக் காட்டினார். விரிப்பின் நான்கு மூலையையும் நான் தைக்கிற தலையணை உறை மாதிரி மடித்துச் சொருகியிருந்தது, அது உன் கைவேலை என்று பார்த்தவுடன் தெரிந்தது, அதைக் கலைக்காமல் வைத்திருக்கிறார். நான் கடைக்காரரிடம், தயவுசெய்து பூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், ஊர் கெட்டுக் கிடக்கிறது என்றேன். அவர் சொன்னார். அந்த அம்மா என் முகத்தை, இந்த முறை காதை இல்லை, முகத்தை நேராகப் பார்த்து ஏதோ கேட்டார். கடைக்காரர் அதைத் தமிழில் சொன்னார்: “அவ வரேன் சொன்னா. வந்து, பூட்டின கதவு முன்னாடி நின்னா, நான் என்ன அம்மா?”

எனக்கு வாய் வரைக்கும் பதில் வந்தது. அதெல்லாம் சும்மா சொல்கிற வார்த்தை அம்மா, எங்கள் பாஷையில் எல்லாரும் சொல்வோம், கடைக்குப் போனாலும் சொல்வோம், அதற்காக யாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் பூட்டிக்கொண்டு தூங்கியிருப்பார். ஆனால் சொல்ல முடியவில்லை. அது சும்மா சொல்கிற வார்த்தை என்று நானே என் வாயால் சொல்லிவிட்டால், போன வருஷம் நம் வீட்டு வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று நீ எனக்குச் சொன்னதும் சும்மாதான் என்று ஆகிவிடாதா? அதைப் பிடித்துக்கொண்டுதானே இத்தனை நாளும் இருக்கிறேன். அந்த அம்மாவுக்குப் பொய்யானால் எனக்கும் பொய். அதனால் அந்தப் பதிலை விழுங்கிவிட்டேன். எங்களைப் பார்த்தால் வெவ்வேறு ஊர், வெவ்வேறு பாஷை, ஆனால் உன் ஒரே வார்த்தையை ஆளுக்கு ஒரு நுனியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

வைப்பதற்கு முன்னால் அவர் இன்னொன்றும் சொன்னார், அதை எழுதாவிட்டால் மனசு கேட்காது. உன் பையில் ஒரு பழைய சாவி இருப்பதைப் பார்த்தாராம். பல்லெல்லாம் தேய்ந்துபோன சாவி. தொழில் புத்தி, புதுசாக ஒன்று வெட்டித் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். எங்கள் வீட்டுப் பூட்டுக்கு இதுதான் பழக்கம், கதவை இழுத்துப் பிடித்துத் திருப்ப வேண்டும், புதுச் சாவி போட்டால் பூட்டுக்குக் கோபம் வரும் என்றாயாம். கடைக்காரர் இதைத் தமிழில் சொல்வதற்குள் பட்ட பாடு, பூட்டுக்குக் கோபம் என்ற இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று அவரே இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். எனக்கு முதல் தரத்திலேயே புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை முதல் தடவையாகப் பழமொழி எதுவும் சொல்லவில்லை, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே, “அந்த வீட்ல எல்லாம் வரேன் வரேன்னு சொல்லிச் சொல்லி அவளுக்கு அந்த வார்த்தையே தீர்ந்து போயிருக்கும்டி. நிஜமா வரப்போற வீட்டுக்கு எதுக்கு அது?” என்றார். நல்லதாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முழுசாக நம்ப முடியவில்லை. லிப்ட் பழுதாகி நிற்கும்போது உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் இவர் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று இதே குரலில்தான் சொல்வார். மேலே எந்தக் கம்பி எப்படித் தொங்குகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகையால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ படித்த கண் படிப்பில் பிள்ளைகளைக் கேட்பாயே, இது தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று. தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லும் பிள்ளைக்குத் தப்பான கண்ணாடிதான் கிடைக்கும் என்று நீதான் சொன்னாய். விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு பஸ் பிடித்து அந்த அம்மா வீட்டுக்குப் போ. போ என்றே எழுதுகிறேன், அப்பா பார்த்தால் பேனாவைப் பிடுங்குவார். கூச்சப்படாதே, என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிடாதே. அவர் எதிரில் உட்கார்ந்து, உனக்கு எது உண்மையோ அதைச் சொல். திரும்பி வரமுடியாது என்றால் வரமுடியாது என்று சொல். நம் வாய்க்கு வராதுதான், கசக்கும்தான், ஆனாலும் அந்த ஒரு வீட்டில் மட்டும் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்து பின்கதவைப் பூட்டுகிற சத்தத்தைக் கேட்ட பிறகு கிளம்பு. என்றைக்காவது வருவாய் என்றால் எப்போது என்று சொல்லிவிட்டுக் கிளம்பு, அதுவரை பூட்டிக்கொண்டு தூங்கட்டும். ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு வந்தால் அதற்குக் காவல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

எனக்கும் அப்படித்தான் கண்ணு. அந்த ஆபீஸ்காரர்கள் கேட்டதற்கு நீ என்ன சொல்லப்போகிறாய் என்று நான் மறுபடியும் கேட்கமாட்டேன், நீ மெஷினுக்கு அடியில் போய்விடுவாய். இருக்கிறேன் என்றால் இருக்கிறேன் என்று சொல். நாலு நாள் அழுவேன், அத்தைக்கு ஒரு புதுப் பழமொழி கிடைக்கும், அப்பா நல்லதுதானே என்று அதே லிப்ட் குரலில் சொல்வார். நம் குடும்பத்தில் படித்து வெளியே போன முதல் ஆள் நீ, இதற்கு முன்னால் யாரும் போய்க் காட்டியதில்லை, யாரும் திரும்பி வந்து காட்டியதும் இல்லை, அதனால்தான் எங்களுக்கு எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. எங்கள் பயத்துக்காக நீ வரவேண்டாம். பயம் எங்களோடு இருந்து பழகிவிட்டது, அதைப் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் வருகிறேன் என்றால், அந்த வார்த்தையை வாய் நிறையச் சொல். போனில் சொன்னாலும் போதும், வீடியோவில் சொன்னாலும் சரி, இனிமேல் முகத்தைத்தான் காட்டுவேன்.

இனிமேலாவது மலையில் ராத்திரி வண்டி ஓட்டவேண்டாம் என்று அந்த வண்டிக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல். டீச்சர் அக்கா தங்கச்சிக்கும் ரொட்டிக்கடை வீட்டுக்கும் என் வணக்கத்தைச் சொல்லி அனுப்பு, என் பெண்ணுக்குச் சோறு போட்டவர்கள் எனக்கும் உறவுதான். சாவிக்கடை அம்மாவுக்கு நான் ஒரு தலையணை உறை தைத்து இதே தபாலில் வைத்திருக்கிறேன், மூலை மடிப்பு நீ செய்கிற மாதிரியே இருக்கும். அளவு தெரியாமல் தைத்தது, பெரிதாக இருந்தால் உள்ளே இழுத்து ஒரு தையல் போட்டுக் கொடுத்துவிடு, உனக்குத் தெரியும்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் உன் காலுக்குக் கீழே தரை உறுதியாக இருக்கட்டும், உன்னைப் பார்க்கிறவர் கண்ணில் ஈரம் இருக்கட்டும், ராத்திரி உனக்குத் தூக்கம் வரட்டும், துக்கம் வேண்டாம். அப்பாவும் அத்தையும் தனித்தனியாக ஆசி சொல்லச் சொன்னார்கள், எல்லாவற்றையும் இதிலேயே சேர்த்துக்கொள்.

ஒன்றை மறக்காதே. அப்பா வாங்கின புதுப் பூட்டைப் பெட்டி பிரிக்காமல் என் மெஷின் டிராயரில் போட்டு வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, முடிந்தது, யாரும் மாட்டவில்லை, அத்தையும் கேட்கவில்லை. நம் கதவில் இருப்பது பழைய பூட்டுத்தான். நாங்கள் ராத்திரி அதைப் பூட்டிவிட்டுத்தான் படுக்கிறோம், எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. நீ எந்த நேரத்தில் வந்தாலும் கதவைத் தட்டவேண்டியதில்லை. கொஞ்சம் உன் பக்கம் இழுத்துப் பிடித்துத் திருப்பு.

உன் சத்தத்துக்கு எழுந்து வரும்,
அம்மா